ஆறு மணி நேர வெயில்

முதல் தவறு என்னுடையது.
விசைப்படகுகளுக்கு வயரிங் பார்க்கிறவன் கையில்
மிச்சம் கிடந்தது ஐம்பது வாட் வெள்ளை விளக்கு.
தளத்தில் வலை பிரிக்க வெளிச்சம் தருவது
இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குத் தராதா என்று
கம்பி போட்டுக் கட்டிவிட்டேன்.

தொட்டியில் நல்ல தண்ணீர்.
பாம்பனில் இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்:
நல்ல தண்ணீர்.
நாலு பக்கமும் கடல், லாரி வந்தால் குடம் பன்னிரண்டு ரூபாய்.
ஐந்து குடம் ஊற்றினேன்.
எதிர்வீட்டு சகாயராணி எண்ணிக்கொண்டிருந்தாள்.

மணலில் நட்டது வாலிஸ்நேரியா,
கல்லில் கட்டியது அனுபியாஸ்,
பின்வரிசையில், கடைக்காரர் வேண்டாமென்றும் கேளாமல் வாங்கிய
சிவப்பு ரோட்டாலா.
பகலெல்லாம் எரிந்தது விளக்கு, இரவிலும் பாதி.
ஒன்பதாம் நாள் கண்ணாடி பச்சை.
பதினோராம் நாள் மீன்களைத் தேட வேண்டியிருந்தது.
இலைமேல் முடிமுடியாய்ப் பாசி.

அன்றைக்கென்று பஞ்சவர்ணம் சீக்கிரம் வந்துவிட்டாள்,
விரலில் சுற்றிய துணியைக்கூடப் பிரிக்காமல்.
விடிந்ததிலிருந்து முங்கி முங்கி
மரிக்கொழுந்துப் பாசி பறித்தவள்.
தொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"இத நாங்க கிலோக் கணக்குல விக்கிறோம்,
நீ கரண்டு பில்லு கட்டி வளக்குற."
சிரித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

ராமநாதபுரம், கேணிக்கரைப் பக்கம் மீன் கடை.
சேகு ஜலால் அளந்துதான் பேசுவார்.
"வாட்டு மின்சார வாரியத்துக்குங்க, செடிக்கு அது தெரியாது.
என்ன நிறம், எவ்வளவு, எத்தன நேரம்,
அதத்தான் திங்கும்."
ஒன்றைப் போட்டுக் காட்டினார்: பத்தாயிரம் கெல்வின்,
ஐஸ் கம்பெனிக்குள் நுழைந்த மாதிரி.
அடுத்தது மூவாயிரம், கல்யாண மண்டப மஞ்சள்.
ஆறாயிரத்து ஐந்நூறு எனக்குத் தெரிந்த வெளிச்சம்,
குந்துகால் மணலில் காலை பத்து மணி.
நாலாவதில் அதே வெள்ளையோடு
சிவப்பும் நீலமுமாய்த் தனிப் பொட்டுகள்.
எழுநூறு ரூபாய் கூட.

அவளுக்குப் போன் போட்டேன்.
"செவப்பா?" பின்னால் அலை இரைச்சல்.
"ரெண்டாளு ஆழம் போனா மொதல்ல மங்குறது செவப்புதான்.
என் ரவிக்க அங்க கருவாட்டு நிறம்.
ஒன் செடிக்கு வேணும்னா
மேல இருந்து நீதான குடுக்கணும்?"
ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த சேகு ஜலால்
நூறு ரூபாய் குறைத்தார்.

"ஆறு மணி நேரம் போதும், டைமர் வச்சிருங்க."
எந்த ஆறு மணி நேரம்?
"செடிக்கு அதுவும் தெரியாதுங்க.
நீங்க எப்பப் பாப்பீங்களோ, அப்ப."

பஸ்ஸில் வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.
படகுகள் டோக்கன் வாங்கும் முன் எனக்கு வேலை,
பகலில் வீட்டுக்குப் பூட்டு,
அவள் பாசி காயவைத்து எடைபோட்டு வர ஐந்தரை.
மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடல்,
மற்ற நாள் நண்டுக் கம்பெனி, அதுவும் ஐந்தரை.
வாசலைத் தாண்டினால் இருட்டிக்கொண்டு வருகிற நேரம்.

எங்கள் வீட்டில் இப்போது
சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வெயில் வருகிறது.
பதினொன்றே முக்காலுக்குப் போகிறது.
மின்வெட்டென்றால் கிரகணம்.

ரோட்டாலாவின் நுனி மூன்றாம் வாரம் சிவந்தது.
ஒரு கல்லில் மட்டும் பாசி போகவில்லை,
சுரண்ட வேண்டாம், கிடக்கட்டும் என்றாள்.
வாரம் ஒரு குடம் மாற்றுகிறோம், பழைய தண்ணீர் முருங்கைக்கு.
சகாயராணி இன்னும் எண்ணுகிறாள்.
போன சனிக்கிழமை மட்டும் உள்ளே வந்து
அணையிற வரைக்கும் இருக்கட்டுமா என்று கேட்டாள்.

பஞ்சவர்ணம் கைத்துணியைப் பிரித்துவிட்டு
தொட்டிக்கு முன்னால் உட்காருகிறாள்.
கண்ணாடிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோகும்போது
மூச்சை அடக்கிக்கொள்கிறாள்.
சொன்னால் இல்லை என்கிறாள்.